பாலில் வெளுத்த ரத்தம்

டிக்.

டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மளிகைக் கடையின் பின்பக்கம் நாலைந்து மேசை போட்ட டிபன் கடை. கொத்து பரோட்டா அடிக்கும் இரைச்சல், மிக்சியின் அலறல், வரிசை எண்ணைக் கூவும் குரல். இத்தனையையும் கிழித்துக்கொண்டு அந்தச் சின்னச் சத்தம் என்னிடம் வந்தது. எவர்சில்வர் கரண்டி பால்பல்லில் மோதும் சத்தம்.

பக்கத்து மேசையில் ஒரு தாய். கைபேசியில் கார்ட்டூன் ஓடுகிறது. "லாஸ்ட் வாய்டா. ப்ராமிஸ், இதான் லாஸ்ட்." டிக். குழந்தை தலையைத் திருப்பியது. கரண்டி அதன் பின்னாலேயே போனது. டிக், டிக். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தாய் பிள்ளைக்கு ஊட்டுகிறாள்.

என் தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்தேன். வெயில் காரின் கூரையை அறைந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போன வலது கை, கரண்டி பிடிப்பது போல விரல்களைக் குவித்தது. இடது கை சும்மா கிடந்தது. வலது கைக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த டிக், கதவு தட்டும் சத்தம். உள்ளே ஒருவர் திறக்க மறுக்கிறார். வெளியே நிற்பவன் உடைக்கத் தயாராகிறான்.

அப்போது எங்கள் வீடு நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில். ஒரே அச்சில் வார்த்தது போன்ற கட்டடங்கள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு; அதில் இரண்டாம் மாடி. மனைவி காலை ஆறேமுக்கால் ரயிலைப் பிடிக்கப் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போய்விடுவாள். திரும்ப இரவு ஏழரை ஆகும். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு மூன்று நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. காலையில் டேகேருக்கு முன் ஒரு மணி நேரம், மாலையில் டேகேர் முடிந்து ஒன்றரை மணி நேரம், அவளுக்கு ஊட்டுவது என் பொறுப்பு. பொறுப்பு என்று நாகரிகமாகச் சொல்கிறேன். அது சண்டை. ஒரு பக்கம் எண்பது கிலோ, மறுபக்கம் பதினாறு கிலோ.

ஹை சேரில் உட்காரவைத்து வார்களை இழுத்து மாட்டுவேன். அந்தக் க்ளிக் கேட்டதுமே அவள் உடம்பு வில்லாக வளையும். வாய் பூட்டிக்கொள்ளும். இட்லி, பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, எது வந்தாலும் அதே பூட்டு. முதலில் கெஞ்சுவேன். சாமி, கண்ணு, அம்மிணி, அப்பாவுக்கு மீட்டிங் இருக்குல்ல. பிறகு ஐபேட். அதில் அவள் வாய் பிளந்து பார்க்கும் நொடியில் கரண்டியைச் செருகுவேன். அவள் துப்புவாள். என் சட்டையில், சுவரில், திரையில். மடிக்கணினி டிங் டிங் என்று அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு பேருக்கும் இடையில் நான் கொதிப்பேன். குக்கருக்காவது விசில் உண்டு.

மனைவி ரயிலிலிருந்து கூப்பிடுவாள்.

"சாப்ட்டாளாங்க?"

"எங்க. மூணு வாய்."

"செரி உடுங்க, பாலக் குடுத்துருங்க. பாலாச்சும் உள்ள போகட்டும்."

பால்! அதை மட்டும் அவள் மறுத்ததில்லை. சிப்பரை நீட்டினால் இரண்டு கையாலும் பிடுங்கிக் கண்ணை மூடிக் குடிப்பாள். காலையில் இரண்டு, டேகேரில் இரண்டு, மாலையில் ஒன்று, படுக்கும்போது இரண்டு. வாரக் கடைசியில் கேலன் கேன்களை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாக அணிவகுப்பு. கால்சியம், புரோட்டீன், கொழுப்பு, எல்லாம் இதில் இருக்கிறது என்று நிம்மதியாகக் கதவைச் சாத்துவேன். பால் குடிக்கிற பிள்ளைக்குக் குறை வராது என்பது எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் யாரும் கேள்வி கேட்காத விஷயம்.

அவள் மெலியவும் இல்லை. கன்னம் உப்பியிருக்கும். மணிக்கட்டில் மடிப்பு விழும். பிறந்தநாள் விருந்துகளுக்குப் போனால் ஆன்ட்டிகள் கிள்ளிக் கிள்ளிக் கொஞ்சுவார்கள்.

"கொழுகொழுன்னு இருக்கா. என்ன குடுக்கறீங்க?"

"பால்தான் ஆன்ட்டி. வேற எதையும் தொடறதில்ல."

"கலரும் வந்திருச்சு பாரு! பொறந்தப்ப மாநிறமாத்தான இருந்தா. எல்லாம் அமெரிக்காத் தண்ணி."

நாங்களும் சிரித்தோம். பழைய படங்களையும் புதிய படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆமா வெளுத்துட்டா, என்று பெருமைப்பட்டோம். குழந்தையின் ரத்தம் வெளுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்குத் திருஷ்டி சுற்றிப் போட்டோம்.

கீழ் வீட்டு ஆன்ட்டிதான் அந்த உத்தியைச் சொன்னார். சத்தம் தாங்காமல் மேலே ஏறி வந்தவர், என் நிலைமையைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "மூக்கப் புடிச்சுக்கோங்க. வாய் தானாத் தொறக்கும். என் ரெண்டு பசங்களையும் அப்படித்தான் வளத்தேன். ஒருத்தன் இப்ப டாக்டருக்குப் படிக்கிறான்." பிடித்துக் காட்டினார். திறந்தது. ஒரு வாய் உள்ளே போனது. ஆன்ட்டி என்னைப் பார்த்து வெற்றியோடு சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் இருமி, நீலம் பூத்து, மூச்சை இழுத்துப் பிடித்து அலறியபோது இரண்டு பேரும் "அவ்வளோதான், அவ்வளோதான்" என்றோம்.

அதற்குப் பிறகு என் கைக்கு வழி தெரிந்துவிட்டது. இடது கை மூக்கை அமுக்கும். வாய் திறந்ததும் அதே கை கீழே இறங்கி, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தாடையின் இரு பக்கமும் குழி விழ அழுத்தும். வலது கை கரண்டியைத் தள்ளும். டிக் என்று பல்லில் மோதும். நெம்பினால் உள்ளே போகும். விழுங்கும்வரை வாயைப் பொத்திப் பிடிக்க வேண்டும். பொத்திய உள்ளங்கையில் அவள் அலறல் சூடாக மோதும். தினமும் இரண்டு வேளை. நான் குழந்தையை அடிக்கிற ஆள் இல்லை என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன். இது ஊட்டுவது, அடி வேறு கணக்கு.

பிறகு அடியும் வந்தது.

சோபாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள் ஒரு நாள். எட்டிப் பார்த்தால் உதடெல்லாம் வெள்ளை. பால் என்று நினைத்துத் துடைத்தேன். விரலில் மாவு போல ஒட்டியது. சுவரில் அவள் உயரத்துக்கு ஒரு பள்ளம். நகத்தால் சுரண்டிச் சுரண்டிச் சுண்ணாம்பு போன்ற உட்பூச்சு வரைக்கும் போயிருந்தாள். அதைத் தின்றிருக்கிறாள். நான் பிசைந்து, ஆறவைத்து, நெய் விட்டு, உயிரைக் கொடுத்து ஊட்டுகிற சோற்றைத் துப்பிவிட்டுச் சுவரைத் தின்றிருக்கிறாள்!

அறைந்தேன். கன்னத்தில் ஒன்று, அந்தச் சின்னக் கையில் இரண்டு.

"சோறு வேண்டாம், சுவரு வேணுமா? சுவரு வேணுமா உனக்கு?"

"சாரி அப்பா. நோ அப்பா. சாரி."

அவள் ஐஸ் கட்டிகளைக் கடகடவென்று கடித்ததையும் நான் குறும்பென்றே நினைத்திருந்தேன். இரண்டு மாடி ஏறுவதற்குள் "அப்பா தூக்கு" என்று படியில் உட்கார்ந்துவிடுவதைச் சோம்பல் என்று திட்டியிருந்தேன். எதற்கெடுத்தாலும் வீறிடுவதைப் பிடிவாதம் என்றேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது, எல்லாம் தப்பான பெயர்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. தயிர்ச் சோறு. எனக்கு ஆறு மணிக்குக் கூட்டம். ஐந்து நாற்பதுக்குப் பாதிக் கிண்ணம்கூட ஆகவில்லை. மூக்கை அமுக்கினேன். அவள் வாயால் மூச்சு விடாமல் கண்ணை உருட்டி என்னையே பார்த்தாள். என்னைத் தோற்கடிக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. இரண்டே முக்கால் வயதுக் குழந்தையைப் பார்த்து எனக்குத் தோன்றியது அதுதான். கரண்டியை விளிம்போடு திருப்பி மேலுதட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினேன். ஏதோ ஒன்று அறுந்தது. மிக மெல்லியது. அறுந்தது கரண்டி வழியாக என் விரலுக்குத் தெரிந்தது.

தயிர்ச் சோறு ரோஜா நிறமானது.

ஓடிப்போய் ஐஸ் வைத்தேன். ரத்தம் நின்றது. வார்களை அவிழ்த்துத் தூக்கினேன், தோளில் போட்டேன், நடந்தேன். கூட்டத்துக்குப் போகவில்லை. மனைவி வந்ததும், "பாத்டப்ல வழுக்கிட்டா" என்றேன். அவள் குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரயில் களைப்பில் "ஜாக்கிரதையா இருக்க மாட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பொய் எனக்குக் கூச்சமே இல்லாமல் வந்தது.

மூன்றாம் நாள் டேகேரிலிருந்து கூப்பிட்டார்கள். விளையாட்டு மைதானத்தில் பரப்பியிருக்கும் மரச்சில்லுகளைத் தின்கிறாள். மற்றக் குழந்தைகள் ஓடும்போது இவள் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கள் குழந்தை மருத்துவர் பிஸ்கட்டவேயில் இருந்தார். மதுரைப் பக்கத்து அம்மா, ஐம்பது தாண்டியவர். நம் சாப்பாடு தெரிந்தவராக இருக்கட்டும் என்று தேடிப் பிடித்திருந்தோம். அன்று மனைவியும் லீவு போட்டு வந்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இமையின் உட்புறம் காகிதம் போல இருந்தது. விரல் நகங்களைப் புரட்டிப் பார்த்தார். நெஞ்சில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு.

"ஏம்மா, பால் எம்புட்டு குடிக்கிறா?"

மனைவி சொன்னாள். டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

"ஹீமோகுளோபின் ஏழு. பதினொண்ணுக்கு மேல இருக்கணும். பிள்ளை நடமாடுறதே பெரிசு."

"குண்டாத்தான இருக்கா டாக்டர்?" என்றேன்.

"குண்டா இருந்தா சத்து இருக்குன்னு யாரு தம்பி சொன்னா? வயித்தை ரொப்புறது வேற, ரத்தத்தை ரொப்புறது வேற. பால்ல இரும்பு இல்லவே இல்லேன்னு சொல்லலாம், அவ்வளவு கம்மி. இவளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு கப்பு போதும். நீங்க ஊத்துறது அதுல மூணு பங்கு. அந்தக் கொஞ்ச நஞ்ச பருப்புல, கீரையில இருக்கிற இரும்பையும் அந்தப் பால் உடம்புல ஒட்ட விடாது. ரத்தத்துக்கு இரும்பு இல்லேன்னா மூச்சை எதுல தூக்கிட்டுப் போகும்? மூளைக்கும் அதுதான். பசி முதல்ல செத்துப்போகும். அப்புறம் மண்ணு, சுவரு, ஐஸு. இது கொழுப்பு இல்ல, குறும்பு இல்ல. இது பட்டினி. ஏழு சிப்பர் பால் குடிச்சுக்கிட்டே பட்டினி."

பசி செத்துப்போன பிள்ளையின் வாயைத்தான் நெம்பியிருக்கிறேன். அவள் மறுக்க மறுக்கப் பால் கொடுத்தோம்; பால் கொடுக்கக் கொடுக்க அவள் மறுத்தாள்; மறுத்ததற்கு அடித்தேன். அந்தச் சக்கரத்தைத் தினமும் இரண்டு வேளை நானே சுற்றியிருக்கிறேன். நான் அறைந்தது ஒரு நோயின் கன்னத்தில். ஆனால் நோய்க்கு ஏது கன்னம்? அது என் மகளுடையது.

"வாயைக் காட்டு தங்கம்" என்று டாக்டர் குனிந்து மேலுதட்டைத் தூக்கினார். அப்படியே நின்றார்.

மேலுதட்டை ஈறோடு கட்டியிருக்கும் சின்னச் சவ்வு இரண்டாகக் கிழிந்து ஆறிக்கொண்டிருந்தது.

"இது எப்படி?"

"பாத்டப்ல வழுக்கிட்டா" என்றாள் மனைவி. நான் சொன்னதை அப்படியே, நம்பிக்கையோடு சொன்னாள்.

டாக்டர் குழந்தையைப் பார்த்தார். குழந்தை காலை ஆட்டிக்கொண்டே, வானிலை சொல்வது போலச் சொன்னாள்:

"அப்பா ஸ்பூன்."

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலை.

"டாக்டர், நம்ம வீட்டுல எல்லாம் இப்படித்தான... ஊட்டறப்ப... உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் தம்பி. எங்கம்மாவும் எனக்கு மூக்கைப் பிடிச்சுத்தான் ஊட்டுனாங்க. அதனாலதான் இதைப் பாத்ததும் எனக்குத் தெரியுது. நான் இப்ப போன் பண்ணியாகணும். சட்டம். சட்டம் இல்லேன்னாலும் பண்ணுவேன்."

"நம்மூர்க்காரங்கன்னு நம்பித்தான வந்தோம்!" என் குரல் உயர்ந்துவிட்டது. மேசையைக் குத்தியிருக்கிறேன் போல. பேனா உருண்டு விழுந்தது. குழந்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நம்பித்தான் அவளும் உங்க முன்னால வாயத் தொறந்தா" என்றார் டாக்டர். போனை எடுத்தார்.

அன்று மாலையே குழந்தைகள் நலத் துறையிலிருந்து ஒரு பெண் வந்தார். மெதுவாகப் பேசினார். சுவரின் பள்ளத்தைப் படம் எடுத்தார். ஹை சேரின் வார்களை இழுத்துப் பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐந்து கேன் பாலையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, புரியாமைதான் இருந்தது. விசாரணை முடியும்வரை நான் குழந்தைக்கு ஊட்டக் கூடாது, தனியாக அவளோடு இருக்கக் கூடாது. நான் வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பதை இப்போதைக்கு நாங்கள் இருவருமே முடிவு செய்துகொள்ளலாம் என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் நான் கேன்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். மூடியைத் திருகக்கூடப் பொறுமை இல்லை. கத்தியால் குத்திக் கிழித்துத் தொட்டியில் கவிழ்த்தேன். பால் சுவரில் அடித்தது, முகத்தில் தெறித்தது, தரையில் ஓடி ஹை சேரின் காலைச் சுற்றியது. நாலாவது கேனைக் குத்தும்போது மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"அடிச்சது நீங்க" என்றாள். "பால எதுக்குக் குத்தறீங்க?"

கத்தியைக் கீழே வைத்தேன். இரவு முழுக்க அவள் தரையைத் துடைத்தாளா, நான் துடைத்தேனா, ஞாபகமில்லை.

இரும்புச் சொட்டு மருந்து கொடுத்திருந்தார்கள். துரு வாடை அடிக்கும் பழுப்புத் திரவம். ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, காலையில் வெறும் வயிற்றில், கன்னத்தின் உள்பக்கமாக விட வேண்டும். பின்னால் கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு. பால் மட்டும் இரண்டு மணி நேரத்துக்குக் கூடவே கூடாது. "நாலு நாள்ல திரும்பப் பாப்பேன். மருந்து உள்ள போகலேன்னா ஆஸ்பத்திரியில படுக்க வச்சு ரத்தம் ஏத்தணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

உள்ளே போகவில்லை. முதல் நாள் மனைவி மடியில் வைத்துக் கொஞ்சிக் கொஞ்சிச் சிரிஞ்சை நீட்டினாள். குழந்தை என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா தர மாட்டாரு சாமி, அம்மாதான்" என்றாலும் எடுக்கவில்லை. நான் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இரண்டாம் நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி தந்த மருந்தை வாங்கிக் கொஞ்சம் வைத்திருந்து, நான் வெளியே வரும் ஓசை கேட்டதும் துப்பினாள். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. வெளிறிய அந்த உதடுகள் மேல் பத்து விரல்கள். ஒரு காவல்.

பிஸ்கட்டவேயில் இருந்த நண்பனைக் கூப்பிட்டேன். வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது.

அவள் ரத்தம் ஏழிலிருந்து பதினொன்றைத் தொட இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை அடை என்று கையால் எடுத்து அவளாகவே தின்ன ஆரம்பித்ததும், துறை எங்கள் விசாரணைக் கோப்பை மூடியதும், எல்லாமே எனக்குத் தொலைபேசியில் வந்த செய்திகள். நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் நான் கடைசியாகப் பார்த்தது நாலாம் நாள் காலையைத்தான்.

பெட்டியோடு கதவருகே நின்றேன். நண்பனின் கார் கீழே வந்துவிட்டது. மனைவி சோபாவில், மடியில் மகள், கையில் நிறைத்த சிரிஞ்சு. ஒரு முறை மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போகலாம் என்று இரண்டடி வைத்தேன். அவள் கைகள் வாய்க்குப் போயின. நின்றேன். அப்பா இனிமே ஊட்ட மாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் விட்டேன், திரும்ப ஆரம்பித்தேன். எனக்கு இன்னும் ஒரு நிமிடம் வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் அவள் கையை எடுப்பாள், டாட்டா சொல்வாள் என்று அசட்டுத்தனமாக நின்றுகொண்டிருந்தேன்.

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். டாக்டர் அறையில் அந்தப் பாத்டப் பொய் உடைந்த பிறகு அன்றுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"கெளம்புங்க" என்றாள். "நீங்க போனாத்தான் வாயத் தொறப்பா."